கர்ப்பிணி மது அருந்துவது தெரியவந்தால் செவிலியர் என்ன செய்யலாம்?

தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய மலைப்பகுதி ஒன்றில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணிபுரியும் ஒரு சகோதரியிடமிருந்து நீண்ட கடிதம் வந்திருக்கிறது. ஊரையும் ஆட்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை இங்கே தருகிறேன். அவருடைய துணை சுகாதார நிலையத்தில் இந்த ஆண்டு பதிவு செய்த கர்ப்பிணிகளில் சிலர் மது அருந்துவது அவருக்குத் தெரியவந்திருக்கிறது. அவர்களில் ஒருவர் 24 வயதுத் தோட்டத் தொழிலாளி, மூன்றாம் மாதம். நாள் முழுதும் ஈரத்தில் நின்று கொழுந்து பறித்த உடம்பு வலிக்கு என்று தொடங்கி, இப்போது கணவருடன் சேர்ந்து இரவுதோறும் ஏறத்தாழ ஒரு குவார்ட்டர் பிராந்தி குடிக்கிறார். “இன்றைக்கு ராத்திரியிலிருந்து ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாது, தொட்டால் பெயரை எழுதிக் கொடுத்துவிடுவேன்” என்று செவிலியர் கண்டித்திருக்கிறார். மறுநாள் மாலை போய்ப் பார்த்தபோது, அந்தப் பெண் கை நடுங்கி, தேநீர் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல், குளிரிலும் வியர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்திருக்கிறார். அன்றிரவே மறுபடியும் குடித்துவிட்டார். அதைத் திமிர் என்று செவிலியர் எழுதியிருக்கிறார்.

இன்னொருவருக்கு ஒன்பதாவது வாரம். கர்ப்பம் என்று தெரிவதற்கு முன், உறவினர் வீட்டுத் திருமணத்தின்போது மூன்று நான்கு நாள் பீர் குடித்ததாகச் சொல்லி அழுகிறார். கருவைக் கலைத்துவிடச் சொல்லி மாமியார் வற்புறுத்துகிறார். இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, மூன்று யோசனைகளை முன்வைத்து என் கருத்தைக் கேட்கிறார் சகோதரி: குடிக்கும் கர்ப்பிணிகளின் பெயர்களை மகளிர் குழுக் கூட்டத்தில் வாசிக்கலாமா, அவர்களுக்கான மகப்பேறு நிதியுதவியை நிறுத்தி வைக்கலாமா, ஊனமுற்ற குழந்தையின் படம் போட்ட பதாகையை நிலையத்தின் வாசலில் மாட்டலாமா. “படித்த பெண்களிடம் இந்தப் பழக்கம் கிடையாது, இந்த ஏழைத் தோட்டத்துப் பெண்களைத்தான் பயமுறுத்தித் திருத்த வேண்டும்” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

பதிவேட்டில் ஒரு கட்டத்தை நிரப்பிவிட்டு நகர்ந்துவிடாமல், வேலை முடிந்த பிறகும் அந்தப் பெண்ணின் வீடு வரை நடந்து போய்ப் பார்த்தீர்களே, அந்த அக்கறையை நான் மிகவும் மதிக்கிறேன். அதனால்தான், உங்கள் யோசனைகளில் சிலவற்றோடு உடன்பட முடியாததன் காரணங்களையும் விரிவாக எழுதுகிறேன். ஆனால் திட்டங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், காத்திருக்க நேரமில்லாத ஒரு காரியம் இருக்கிறது.

முதலில் அந்த 24 வயதுப் பெண்

நீங்கள் பார்த்த நடுக்கமும் வியர்வையும் திமிரின் அடையாளமல்ல. மது நின்றதால் உடல் காட்டும் விலகல் அறிகுறிகள். நாள்தோறும் அதிக அளவில் குடித்துப் பழகிய ஒருவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த சுமார் ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம், குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு இரண்டாம், மூன்றாம் நாளில் ஆள் அடையாளம் தெரியாத குழப்பமும் இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் தாய், சிசு இருவருக்கும் ஆபத்து. அந்தப் பெண் மறுபடியும் குடித்ததற்கு நடுக்கம் தாங்க முடியாததே காரணமாக இருந்திருக்கும்.

ஆகவே, வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தும்படி அவரிடம் இனிச் சொல்ல வேண்டாம். குடியைத் தொடரலாம் என்பதும் இதற்குப் பொருளல்ல. கூடிய சீக்கிரம், மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் இருக்கிற அரசு மருத்துவமனையில், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, அவரை உள்நோயாளியாகச் சேர்த்து நிறுத்த வேண்டும். மதுவைச் சார்ந்துவிட்ட கர்ப்பிணிகளுக்கு மருத்துவமனைக் கண்காணிப்பிலேயே நச்சு நீக்கச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் பரிந்துரையும். அங்கே சில நாள்களுக்கு மட்டும், அளவு குறைத்துக்கொண்டே போகும் வகையில் விலகல் அறிகுறிகளைத் தணிக்கும் மருந்தும், தையமின் என்னும் பி1 வைட்டமினும், நல்ல சாப்பாடும் கொடுப்பார்கள். ‘கர்ப்பத்தில் மாத்திரை ஆகாது’ என்று வீட்டார் தடுக்கக்கூடும்; கண்காணிப்பில் கொடுக்கும் அந்த மருந்தைவிட, மருந்தில்லாமல் வரும் வலிப்புதான் பெரிய ஆபத்து என்று எடுத்துச் சொல்லுங்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று சிலர் ஒரு மாத்திரையைச் சொல்லித் தருவார்கள். டைசல்ஃபிராம் என்னும் அந்த மருந்து கர்ப்ப காலத்தில் பரிந்துரைக்கப்படுவதில்லை. அறியாமல் அதைச் சாப்பிட்டவர் அதன் மேல் மது குடிக்கும்போது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அந்த வழியை அடைத்துவிடுங்கள்.

உங்கள் வட்டார மருத்துவ அலுவலரிடம் இன்றே பேசி, இதை அதிக ஆபத்துள்ள கர்ப்பமாகப் பதிந்து, பரிந்துரைக் கடிதத்துடன் அனுப்பச் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை எங்கே, எந்தக் கிழமையில் பார்க்கலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். இடையில் ஆலோசனை வேண்டுமானால் 14416 என்ற டெலிமனாஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை) எண்ணில் தமிழிலேயே பேசலாம். வலிப்போ குழப்பமோ கண்டால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

‘வேண்டாம் என்றால் வீட்டில் சண்டை வருகிறது’ என்று அந்தப் பெண் சொன்னதாக ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். அந்த வரியில் நான் சற்று நின்றுவிட்டேன். கணவர் ஊற்றிக் கொடுத்து, மறுத்தால் அடி விழும் வீட்டில், ‘குடிக்காதே’ என்று மனைவியிடம் மட்டும் சொல்வது அவர் செய்ய முடியாத ஒன்றைக் கேட்பதாகும். தனியாக இருக்கும்போது அதைப் பற்றி நேராகக் கேளுங்கள். அடிப்பதாகச் சொன்னால் 181 மகளிர் உதவி எண்ணும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி மாவட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரும் அவருக்குத் துணையாக வரக் கடமைப்பட்டவர்கள். அடி இல்லை, வெறும் பழக்கம்தான் என்றால், கணவரையும் சேர்த்து ‘குழந்தை பிறக்கும் வரை வீட்டுக்குள் பாட்டில் வரக்கூடாது’ என்று பேசிப் பாருங்கள். ஒருவர் எதிரே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்க மற்றவர் நிறுத்துவது மிகக் கடினம்.

கலைக்கச் சொல்லும் மாமியாரிடம் என்ன சொல்வது?

ஒன்பதாவது வாரப் பெண்ணை முதலில் ஆறுதல்படுத்துங்கள். கர்ப்பம் தெரியாத நாள்களில் சில முறை குடித்துவிட்டு அச்சத்தோடு வரும் பெண்களை எல்லா நாட்டு மகப்பேறு மருத்துவர்களும் பார்க்கிறார்கள். பிரிட்டனின் தலைமை மருத்துவ அலுவலர்கள் 2016-இல் வெளியிட்ட அறிவுரை, கர்ப்ப காலத்தில் மதுவே வேண்டாம் என்பதைத் திட்டவட்டமாகச் சொல்கிறது. அதே அறிவுரை, தெரிவதற்கு முன் சிறிதளவு குடித்திருந்தால் குழந்தைக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு குறைவாகவே இருக்கும் என்றும் சொல்கிறது. அவர் குடித்தது சிறிதளவா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 650 மில்லி பாட்டிலில் 5 விழுக்காட்டு பீர் என்றால் ஏறத்தாழ 25 கிராம் ஆல்கஹால், 8 விழுக்காட்டு ஸ்டிராங் பீர் என்றால் 40 கிராம். ‘பீர்தானே’ என்று சொல்லும்போது பலருக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை. எந்த அளவாக இருந்தாலும், இன்றே நிறுத்திவிட்டு, ஃபோலிக் அமிலமும் சத்தான உணவும் எடுத்துக்கொண்டு, தவறாமல் பரிசோதனைக்கு வருவதுதான் அவர் செய்ய வேண்டியது.

இந்தக் காரணத்துக்காகக் கருவைக் கலைக்கும்படி நான் அறிவுரை சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம். ஆனால் முடிவு அந்தப் பெண்ணுடையது. 2021-இல் திருத்தப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் அவருடைய சம்மதத்தைக் கேட்கிறது, மாமியாருடையதை அல்ல. அவர் யார் என்பதை வெளியிடுவதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. பின்னர் 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அது அவசியம், ஆனால் மதுவால் மூளைக்கு ஏற்படும் நுண்ணிய பாதிப்புகள் பெரும்பாலும் அதில் தெரியாது. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதை மறுபடியும் குடிப்பதற்கான அனுமதியாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது.

மது கருவில் என்ன செய்கிறது?

உங்கள் பகுதியில் பேசும்போது பயன்படும் என்பதால் சற்று விளக்குகிறேன். தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடந்துவிடும். சிறிது நேரத்தில் சிசுவின் இரத்தத்தில் தாயின் இரத்தத்தில் உள்ள அளவுக்கே ஆல்கஹால் சேர்ந்துவிடுகிறது. அதைச் சிதைத்து வெளியேற்றும் வலிமை சிசுவின் கல்லீரலுக்கு இன்னும் வரவில்லை. பனிக்குட நீரிலும் அது தங்கிவிடுவதால் தாய்க்குத் தெளிந்த பிறகும் சிசு அதில் கிடக்கிறது. முகமும் உறுப்புகளும் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் ஒரு வகைப் பாதிப்பு என்றால், மூளை பத்து மாதமும் வளர்வதால் எந்த மாதத்திலும் பாதிப்பு நேரலாம். ‘மூன்று மாதம் தாண்டிவிட்டால் பரவாயில்லை’ என்பது தவறு. எந்த மாதத்தில் நிறுத்தினாலும் அதற்குப் பிறகான வளர்ச்சிக்கு நன்மையே என்பதும் அதிலிருந்தே புரியும்.

பிரான்சில் லெமுவான் என்ற மருத்துவர் 1968-இலும், அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் ஆகியோர் 1973-இலும் கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் விழித்துக்கொண்டது. சிறிய கண் திறப்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் மழுங்கியிருத்தல், மெல்லிய மேலுதடு, குறைந்த எடை, சிறிய தலை ஆகியவை இந்தப் பாதிப்பின் முழுமையான வடிவமான ‘கரு மது நோய்க்குறி’யின் (Fetal Alcohol Syndrome) அடையாளங்கள். ஆனால் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோரின் முகத்தில் எதுவும் தெரியாது. வகுப்பில் உட்கார முடியாமல், நேற்றுச் சொன்ன கணக்கை இன்று மறந்து, செய்ததன் விளைவை யோசிக்க முடியாமல், அடங்காத பிள்ளை என்று அடி வாங்கிக்கொண்டே வளர்வார்கள். உங்கள் பதாகை யோசனையை நான் ஏற்காததற்கு முதல் காரணம் இதுதான். கோரமான உருவம் ஒன்றைப் பார்த்துப் பயந்துபோகும் தாய், தன் குழந்தை பார்ப்பதற்கு நன்றாகப் பிறந்துவிட்டால் மது ஒன்றும் செய்யவில்லை என்று முடிவு செய்துவிடுவார். ஊனத்தோடு பிறந்த குழந்தைகளை வளர்க்கும் வேறு தாய்மார்கள் அந்த வாசல் வழியாகத்தான் தடுப்பூசிக்கு வருகிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அவர்கள் யாரும் குடித்தவர்கள் அல்லர்.

அபாயத்தை உள்ளது உள்ளபடியே சொல்ல வேண்டும். 2017-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று, கர்ப்ப காலத்தில் மது அருந்தும் பெண்களில் சுமார் 13 பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு வகையில் மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தை பிறக்கும் என்று கணக்கிட்டது. குடித்த எல்லோருக்கும் அப்படி நேர்வதில்லை என்பதும், யாருக்கு நேரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதும் சேர்ந்ததே உண்மை. இன்ன அளவு வரை பாதுகாப்பு என்று நிறுவப்பட்ட அளவு எதுவும் இல்லாததால்தான் முற்றிலும் தவிர்க்கச் சொல்கிறோம். பிராந்தி, பீர், ஒயின், கள் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே ஆல்கஹால்தான். ‘கள் உடம்புக்குக் குளிர்ச்சி’ என்பது சிசுவுக்குப் பொருந்தாது. 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. நல்ல உணவில்லாத, இரத்தசோகை உள்ள உடம்பில் அதன் தீங்கு கூடுகிறது என்பதால், உங்கள் பகுதிப் பெண்களுக்குச் சத்துணவும் இரும்புச்சத்தும் கிடைக்கச் செய்வதும் இதே தடுப்பு வேலையின் பகுதிதான்.

பெயர் வாசிப்பதும் நிதியுதவியை நிறுத்துவதும்

இந்த இரண்டையும் செய்யாதீர்கள். சட்டப்படியும் முடியாது, பலனும் கிடைக்காது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக வரும் 18,000 ரூபாய்க்கான நிபந்தனைகளை வகுப்பது அரசு. குடிக்கிறார் என்பதற்காக அதை நிறுத்தி வைக்கும் அதிகாரம் உங்களுக்கோ எனக்கோ கிடையாது. மேலும், மதுப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. அவருடைய உடல்நிலை, மனநிலை, சிகிச்சை பற்றிய விவரங்களை இரகசியமாகக் காப்பது பராமரிப்பவர்களின் கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கூட்டத்தில் பெயர் வாசித்தால் உங்கள் மேல் புகார் வந்தாலும் வியப்பதற்கில்லை.

பலன் கிடைக்காது என்று நான் சொல்வது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவின் சில மாநிலங்களில் கர்ப்ப காலக் குடியைக் குழந்தை மீதான கொடுமையாகக் கருதவும் அதிகாரிகளிடம் புகார் செய்யவும் சட்டங்கள் வந்தன. 1972 முதல் 2013 வரையிலான பிறப்புப் பதிவுகளை வைத்து ஆராய்ந்தபோது, கர்ப்ப கால மது குறித்த மாநிலச் சட்டங்களில் பெரும்பாலானவை இருந்த இடங்களில் எடை குறைந்த பிறப்புகளோ குறைப்பிரசவங்களோ கூடியிருந்ததும், பெண்கள் பேறுகாலப் பரிசோதனைக்கு வருவது குறைந்திருந்ததும் தெரிந்தது. மதுக்கடைகளில் கட்டாயமாகத் தொங்கவிட்ட எச்சரிக்கைப் பலகைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. பிடிபட்டுவிடுவோம் என்று அஞ்சும் பெண் குடியை விடுவதற்கு முன்னால் உங்களிடம் வருவதை விட்டுவிடுவார். குடி தொடரும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இரத்தசோகையும் பார்க்க ஆளில்லாமல் போகும். மலைப்பாதையில் பிரசவ வலியோடு வருகிற பெண்ணின் எந்த விவரமும் உங்கள் பதிவேட்டில் இருக்காது.

‘படித்த பெண்களிடம் இல்லை’ என்ற எண்ணத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். 2017-இல் வந்த மற்றொரு உலக மதிப்பீட்டில், கர்ப்ப காலத்தில் சிறிதேனும் மது அருந்தியவர்கள் அயர்லாந்தில் சுமார் 60 விழுக்காடு, பிரிட்டனில் சுமார் 41 விழுக்காடு. வசதியும் படிப்பும் உள்ள நாடுகள் அவை. தமிழ்நாட்டில் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மது அருந்துவதாகச் சொன்னவர்கள் 0.3 விழுக்காடு மட்டுமே; ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர். இந்த 0.3-ஐப் பார்த்துவிட்டுத்தான் நம் பேறுகால மருத்துவ அறைகளில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. வீட்டுத் திண்ணையில், மாமியார் கேட்டுக்கொண்டிருக்க, ஒரு பெண் ‘ஆமாம்’ என்று சொல்லியிருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். நகரத்தில் தனி மருத்துவமனைக்குப் போகும் பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை, அதனால் தெரிவதில்லை. தோட்டத்துப் பெண்ணின் வீட்டுக்கு நீங்கள் போகிறீர்கள், அதனால் தெரிகிறது.

வேறு இடங்களில் எது பலித்தது?

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் பள்ளத்தாக்கு எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் உதாரணம். அங்கே 2007-இல், குடியால் சாவு மேல் சாவு பார்த்துச் சோர்ந்துபோன ஆதிக்குடிப் பெண்களே, ஜூன் ஆஸ்கர், எமிலி கார்ட்டர் போன்றவர்களின் தலைமையில், கடுமையான மதுவைப் பாட்டிலாக வாங்கிச் செல்வதைத் தடுக்கக் கோரிப் போராடிக் கட்டுப்பாடு பெற்றார்கள். தங்கள் குழந்தைகளை ஆராயும்படி மருத்துவர்களை அழைத்தவர்களும் அவர்கள்தான். 2002, 2003-இல் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்ததில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மதுவால் வந்த பாதிப்பு இருந்தது. அப்படியொரு செய்தி வந்தபோது எந்தத் தாயையும் ஊர் நடுவே நிறுத்தவில்லை. மருலு என்ற பெயரில் தடுப்பு, நோயறிதல், பெற்றோருக்கு ஆதரவு மூன்றையும் ஒன்றாக நடத்தினார்கள். அங்கு கர்ப்ப காலத்தில் மது அருந்தியதாகச் சொன்ன பெண்கள் 2010-இல் 61 விழுக்காடு. 2015-இல் 32 விழுக்காடு. உங்கள் மகளிர் குழுவுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டுமானால், பெயர் வாசிக்கும் வேலையை விட்டு, தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கே சரக்கு கொண்டுவந்து விற்பவர்களை நிறுத்தச் சொல்லி மனுக் கொடுக்கும் வேலையைக் கொடுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அங்கே திராட்சைத் தோட்டக் கூலிகளுக்குக் கூலியின் ஒரு பகுதியாக ஒயினையே ஊற்றிக் கொடுக்கும் ‘டாப்’ முறை தலைமுறை தலைமுறையாக இருந்தது. முறை ஒழிந்த பிறகும் பழக்கம் நிலைத்துவிட, உலகிலேயே மிக அதிகமாக இந்தப் பாதிப்பு பதிவான இடங்களில் ஒன்றாக அது ஆகிவிட்டது. தோட்டத்து வேலையின் குளிரும் வலியும் எப்படிக் குடியாக மாறுகின்றன என்பதை நீங்கள் நேரில் பார்க்கிறவர். மழைக்கு நல்ல படங்கு, கால்களை மூடும் காலணி, கர்ப்பிணிக்கு இலேசான வேலை, வலிக்கு முறையான மருத்துவம் ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்குவதும் மதுத் தடுப்பு நடவடிக்கைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாவது உதாரணம் உங்கள் கையிலிருக்கும் ஒரு பதிவேட்டைப் பற்றியது. கர்ப்பம் தெரிந்து பெண்கள் உங்களிடம் வருவதற்குள் முதல் சில வாரங்கள் கடந்துவிடுகின்றன. ஆகவே கர்ப்பிணிகளோடு மட்டும் தொடங்கும் எந்தத் திட்டமும் தாமதமான திட்டமே. அமெரிக்காவில் ‘சாய்சஸ்’ என்ற பெயரில் 830 பெண்களிடம் நடத்தி 2007-இல் முடிவு வெளியான ஆய்வில், கர்ப்பமாகாத, ஆனால் ஆகக்கூடிய, அதிகம் குடிக்கும் பெண்களிடம் நான்கு முறை பரிவோடு பேசி, குடியைக் குறைப்பது, கருத்தடையைச் சரியாகப் பயன்படுத்துவது என இரண்டு வழிகளையும் முன்வைத்தார்கள். இரண்டில் எதைத் தேர்ந்தாலும், கருவுக்கு மது போய்ச் சேரும் அபாயம் குறையும். அந்த ஆலோசனை பெற்றவர்களில் அபாயத்திலிருந்து விலகியவர்கள், வெறும் தகவல் பெற்றவர்களைவிடத் தெளிவாகவே அதிகம். குழந்தை பெறும் வயதிலுள்ள தம்பதியரைக் குறிக்கும் ‘தகுதியுள்ள தம்பதியர்’ பதிவேட்டை ஏற்கெனவே நீங்கள் வைத்திருக்கிறீர்கள். கருத்தடை பற்றிப் பேசப் போகும்போதே இதையும் பேச வேறு யாருடைய உத்தரவும் தேவையில்லை.

எப்படிக் கேட்பது?

பேறுகாலப் பதிவின்போது எல்லோரிடமும் கேளுங்கள். ஆசிரியை வந்தாலும் தோட்டத் தொழிலாளி வந்தாலும் அதே கேள்வி, அதே குரல். எடை பார்க்கவோ வயிற்றைப் பரிசோதிக்கவோ தனியாக உள்ளே அழைக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் ஏற்ற நேரம். கணவரும் மாமியாரும் வெளியே இருக்கட்டும். ‘நீ குடிப்பியா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. இப்படித் தொடங்கிப் பாருங்கள்: “வருகிற எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் இது. நாள் தள்ளிப்போனது தெரிவதற்கு முந்தின மாதம், உடம்பு வலிக்கோ விசேஷத்துக்கோ பிராந்தி, பீர், கள் என்று ஏதாவது எடுத்துக்கொண்டதுண்டா?” கர்ப்பத்துக்கு முந்தைய காலத்தைக் கேட்டால் கூச்சம் குறைகிறது. பதில் ‘ஆமாம்’ என்றால், முகம் மாறாமல், எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, தெரிந்த பிறகு எப்படி, காலையில் கை நடுங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நடுக்கம் உண்டு என்றால் மருத்துவமனை. இல்லையென்றால், குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, ‘நிறுத்த உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கும்?’ என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். சாயங்கால வலியா, கணவரா, தூக்கமா என்று அவர் வாயிலிருந்து வருவதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே பேச முடியும். அடுத்தடுத்த பரிசோதனைகளிலும் மறக்காமல் கேளுங்கள். முதல்முறை மறைத்தவர் மூன்றாம்முறை சொல்வார்.

பொதுவாகச் சொல்ல வேண்டியதைப் பொது இடத்தில் சொல்லலாம். அங்கன்வாடியில் நடக்கும் கிராம சுகாதார ஊட்டச்சத்து நாளும் சமுதாய வளைகாப்பும் நல்ல சந்தர்ப்பங்கள். வளைகாப்புக்கு மாமியார்கள் வருவார்கள் என்பது கூடுதல் வசதி. பிரசவித்த பெண்ணுக்குச் சன்னி வராமலிருக்க என்று பிராந்தி கொடுப்பதும், சளிக்கு என்று பச்சைக் குழந்தையின் நாக்கில் தடவுவதும் பல வீடுகளில் இன்னும் நடக்கின்றன. தாய் குடிக்கும் மது தாய்ப்பாலிலும் வரும் என்பதையும், குழந்தைக்கு ஒரு சொட்டுகூட மருந்தாகாது என்பதையும் அந்தப் பாட்டிமார்களிடம் மரியாதையோடு சொல்லுங்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை.

இன்னொரு விஷயத்தில் உங்களைப் போன்றவர்கள் குரல் கொடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நம் நாட்டில் மதுப் பாட்டில்களில் 2019 முதல் கட்டாயமான எச்சரிக்கை, மது உடல்நலத்துக்குத் தீங்கு, குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. கர்ப்பத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அமெரிக்காவில் 1989 முதலும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 2023 முதலும் அது கட்டாயம். பலகைகளைப் பற்றி மேலே நான் சொன்னதை வைத்து இது முரண் என்று நினைக்க வேண்டாம். எச்சரிக்கை வாசகம் தனியாக நின்றால் பயம் மட்டுமே மிஞ்சலாம். எங்கே போனால் திட்டாமல் உதவுவார்கள் என்பதும் கூடவே தெரிந்திருந்தால் அது வழிகாட்டியாகும். ஆகையால் உங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் முதலில் வைக்க வேண்டிய கோரிக்கை, பேறுகாலப் பதிவில் இந்தக் கேள்வியை எல்லோருக்கும் பொதுவாகச் சேர்ப்பதும், ‘ஆமாம்’ என்பவரை அனுப்ப ஒரு மனநல மருத்துவரை நாள் குறித்து ஒதுக்குவதும்தான்.

கடைசியாக, அந்த இரண்டு பெண்களுக்கும் குழந்தை பிறந்த பிறகு செய்ய வேண்டியவை. பிறப்பு எடையையும் தலைச் சுற்றளவையும் சரியாக அளந்து அட்டையில் எழுதுங்கள். கர்ப்ப காலத்தில் மது இருந்தது என்ற விவரம், தாயின் சம்மதத்தோடு, குழந்தையைப் பார்க்கும் மருத்துவருக்கு மட்டும் போய்ச் சேரட்டும்; குழந்தை சரியாகப் பால் குடிக்காமல் இருந்தாலோ, தலை நிற்பது, உட்காருவது, பேசுவது தாமதமானாலோ அந்த ஒரு குறிப்புதான் மருத்துவரை நேரான வழியில் யோசிக்க வைக்கும். இந்தப் பாதிப்பைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் சீக்கிரம் கண்டறிந்து பயிற்சி கொடுத்தால் அந்தக் குழந்தை கற்கவும் பழகவும் வெகுவாக உதவ முடியும். மாவட்டத்தில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் பிறந்ததிலிருந்தே குழந்தைகளை அனுப்பலாம், சிகிச்சை இலவசம். தாய்க்கு மட்டும், ‘உன்னால்தான்’ என்று அங்கே யாரும் சொல்லிவிடாதபடி, முதல் தடவை நீங்களும் கூடப் போய் வாருங்கள்.